ஆமென் வரைக்கும் காத்திருக்கும் கரண்டி

1

இதை நான் எழுதவில்லை, சொல்கிறேன். மேசைமேல் சாய்த்து வைத்திருக்கிற போன், நான் பேசுவதைத் தமிழில் எழுதிக்கொள்கிறது. 'கர்த்தர்' என்றால் ஒழுங்காக எழுதுகிறது. நம்ம ஊர்ப் பக்கத்து 'குன்றாண்டார்கோவில்' என்றால்தான் திணறுகிறது. பிழை இருந்தால் நீங்களே சரி செய்து படித்துக்கொள்ளுங்கள். ஊரில் இருந்துகொண்டு "எஸ்தர் எப்படி இருக்கா?" என்று ஆளாளுக்குக் கேட்டு விடுகிறீர்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

என் இரண்டு கையும் மாவுக்கட்டில் இருக்கின்றன. குப்பைத் தொட்டியைத் தெருவோரம் இழுத்து வைக்கப் போனேன். வாசலில் தண்ணீர் உறைந்து கிடந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. முன்பக்கமாக விழுந்து இரண்டு கைகளையும் ஊன்றினேன், இரண்டு மணிக்கட்டும் போயின. வலது கைக்கு ஆபரேஷன் செய்து தகடு வைத்திருக்கிறார்கள். விழுந்ததும் என் வாயில் வந்தது ஜெபம் என்று சொல்ல ஆசைதான். வந்தது அதுவல்ல. எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவருக்குத் தமிழ் தெரியாதது என் நல்ல காலம். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, அது வரும்வரை என்மேல் கம்பளி போர்த்தி நின்றவர் அவர்தான்.

இங்கிலாந்தின் வடக்கே, பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு அவித்துக் கொட்டுவதுதான் உத்தியோகம். வீட்டுக்காரர் இறந்துவிட்டார். ஒரே மகள் கெசியா, ஸ்காட்லாந்தில் படிக்கிறாள். ஆக, வீட்டில் நான் மட்டும்தான், அதிலும் என் கைகளை இப்போது கணக்கில் சேர்க்க முடியாது.

கை இல்லாத வாழ்க்கை எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கதவுக் கைப்பிடி திருகாது. பல் துலக்க முடியாது. மூக்கு அரித்தால் சுவரில்தான் தேய்த்துக்கொள்ள வேண்டும். விரல் நுனிகள் கட்டுக்கு வெளியே கொழுக்கட்டை மாதிரி வீங்கி நிற்கின்றன, எதையும் பிடிக்காது. கக்கூஸுக்குப் போனால்... சரி, நாம் எல்லாரும் பெரியவர்கள்தானே, சொல்லிவிடுகிறேன். கால் கழுவ முடியாது. ஐம்பதைத் தாண்டிய வயதில் ஒரு பொம்பிளைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆஸ்பத்திரியில் இருந்து வந்த முதல் நாள் நான் குளியலறையில் நின்று அழுதேன். அழுதால் கண்ணீரைத் துடைக்கவும் முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

2

இங்கே எங்களுக்கு ஒரு தமிழ்ச் சபை இருக்கிறது. உள்ளூர்க்காரர்களின் ஆலயத்தை ஞாயிறு மத்தியானம் வாடகைக்கு எடுத்துக் கூடுகிறோம். நான் விழுந்த சேதி தெரிந்ததும் பாஸ்டர் போன் செய்தார். போனை மூக்கால் தொட்டு எடுத்தேன்.

"சிஸ்டர், ஏதாவது உதவி வேணுமா? தயங்காம சொல்லுங்க."

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம் பாஸ்டர். கர்த்தர் பார்த்துக்குவார்."

"ஆமென்! என்ன ஒரு விசுவாசம் சிஸ்டர்!"

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

என்ன எதிர்பார்த்தேன் என்று கேட்பீர்கள். நம்ம பக்கத்தில் யாராவது "சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் உடனே "சரி" என்றா சொல்கிறோம்? "வேணாங்க, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்போம். பசியில் கண் இருட்டினாலும் அப்படித்தான் சொல்வோம். அவர்களும் அதை நம்ப மாட்டார்கள். "அட, உக்காருங்க" என்பார்கள். மறுபடி "வேணாங்க" என்போம். அதற்குள் இலை விழுந்திருக்கும். நான் பாஸ்டரிடம் சொன்னது அந்த முதல் 'வேணாங்க'. அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். இந்த ஊருக்கு வந்து எங்கள் ஆட்களும் இந்த ஊர் மரியாதையைப் படித்துக்கொண்டார்கள். ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மேலே கேட்பது அநாகரிகம். போதாக்குறைக்கு நான் கர்த்தரை வேறு நடுவில் இழுத்துவிட்டேன். "கர்த்தர் பார்த்துக்குவார்" என்று ஒரு விசுவாசி சொன்ன பிறகு "இல்ல, நான் வந்து பார்க்கிறேன்" என்று யார் சொல்வார்கள்? அது ஆண்டவரோடு போட்டி போடுகிற மாதிரி ஆகிவிடாதா?

அடுத்து கிரேஸ் அக்கா வந்தார். அறந்தாங்கிக்காரர், எனக்கு இங்கே கிடைத்த ஒரே நம்ம ஊர்ப் பேச்சு. ஒரு பை நிறைய ஆரஞ்சுப்பழம் வாங்கி வந்திருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணீர் விட்டு, உருக்கமாக ஜெபித்தார்.

"எஸ்தரு, ஒனக்கு எதுவும் தேவையின்னா சொல்லணும், என்ன?"

"எனக்கு என்னக்கா தேவை? கர்த்தர் பார்த்துக்குவார்."

"ஆமாடி. அவரை நம்புனவங்களை அவரு கைவிடுறதில்ல. சரி, நான் வாரேன்."

போய்விட்டார். ஆரஞ்சுகள் என்னைப் பார்த்தன, நான் அவற்றைப் பார்த்தேன். அப்போது கெசியா இன்னும் வந்து சேரவில்லை. பசி. குனிந்து ஒரு பழத்தை வாயால் கவ்விக் கடித்துப் பார்த்தேன். தோல் கசந்தது, சாறு கண்ணில் அடித்தது. பழம் உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. கிரேஸ் அக்கா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பாவம், அவர் என்ன செய்வார்? நான் சொன்னதை நம்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் பிரசங்கத்தில் என்னை உதாரணம் காட்டினாராம். "இரண்டு கையும் உடைந்த நிலையிலும் நம் சகோதரி மனுஷரைத் தேடவில்லை, தேவனைத் தேடினார்கள்." சபை முழுக்க அல்லேலூயா சொன்னதாக யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். அதைப் படிக்கும்போது நான் இரண்டு நாளாக மாற்றாத அதே சட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

3

என் அப்பா, குன்றாண்டார்கோவிலைச் சுற்றின ஊர்களுக்குச் சைக்கிளில் துணி கொண்டுபோய் விற்கிறவர். நான் ஐந்தாவது படிக்கும்போது சைக்கிளோடு விழுந்து கால் உடைந்து வீட்டோடு கிடந்தார். அவர் மிதித்தால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும்.

எங்கள் ஊர்ச் சபைப் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனியாக வைப்பார்கள். அது ஆண்டவருக்கு என்று ஒதுக்கின பிடி அரிசி, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும். அப்பா படுத்த சில நாளில், ஊர்க் கோவிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியாரின் மனைவி அந்த அரிசியை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"வேணாங்க. இருக்குங்க வீட்டுல."

"இருந்தா இருக்கட்டும். பானை எங்கிட்டு இருக்கு?"

"ஐயோ, வேணாங்க, ஆண்டவர் பார்த்துக்குவாருங்க."

"அவருதான் என்னைய போகச் சொன்னாரு. கொஞ்சம் நகரு, கை வலிக்குது."

அம்மாவைத் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே போய்ப் பானையில் கொட்டிவிட்டு, "தண்ணி குடு" என்று வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார். அம்மா முகத்தில் அவமானமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. அன்றைக்கு உலை வைக்கும்போது, அந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி எடுத்துக் கோவில் சட்டியில் போட்டாள்.

"அது அவங்க குடுத்த அரிசிதானம்மா? அவங்களுக்கே திருப்பிக் குடுக்கிறியா?" என்றேன்.

"அரிசி அவங்களோடது. பிடி என்னோடது."

இங்கேயும் நான் அந்தப் பழக்கத்தை விடவில்லை. காப்பித்தூள் டின் ஒன்றில் போட்டு வைத்து, நிறைந்ததும் ஏழைகளுக்குச் சாமான் கொடுக்கிற இடத்தில் சேர்த்துவிடுவேன். டின்னில் போடுகிற வரைக்கும் எனக்குத் தெரியும். வாசலில் அம்மா மாதிரி நின்று வாங்குவதுதான் தெரியவில்லை. உபதேசியார் மனைவி மாதிரி இடித்துக்கொண்டு வர ஆள் இருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ.

4

கெசியா ரயில் பிடித்து வந்தாள். கதவைத் திறந்து என்னைப் பார்த்தவள் பையைக் கீழே போட்டுவிட்டு, என்னைக் குளியலறைக்குக் கூட்டிப்போனாள். "நீ போய்ப் படிம்மா, நான் பார்த்துக்கிறேன்" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் சட்டைக் கையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

இவளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சபையில் இன்னும் யாருக்கும் தெரியாது. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, "அம்மா, எனக்கு நம்பிக்கை இல்ல. உனக்காகப் பொய்யா கண்ணை மூட முடியல" என்றாள். சண்டை போட்டேன், பட்டினி கிடந்தேன், உபவாசம் என்று அதற்குப் பேர் வைத்துக்கொண்டேன். அவள் அசையவில்லை. அன்று முதல் தினமும் என் முதல் ஜெபம், "ஆண்டவரே, என் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவாரும்" என்பதுதான். இப்போது கொண்டுவந்துவிட்டார், கையில் ஒரு வாளி தண்ணீரும் துண்டும் கொடுத்து. நான் கேட்டது இப்படியா?

குழந்தையில் அவளுக்கு நான் கால் கழுவி விட்டிருக்கிறேன். அவள் எனக்குக் கழுவும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு பைபிள் சங்கீதம் சொல்வேன். அவள் காதில் விழும். முடிந்ததும் "ஓகே, டன்" என்பாள், நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரத்துக்கு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம்.

சோறு ஊட்டுவதும் அவள்தான். கரண்டியில் சோற்றை எடுத்து என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவாள். நான் கண்ணை மூடி ஜெபிப்பேன். கரண்டி அப்படியே அந்தரத்தில் காத்திருக்கும். ஆமென் என்றதும் உள்ளே வரும். ஒருநாள்கூட அதற்கு முன்னால் வந்ததில்லை. ஒருநாள் உலை வைக்கும்போது அவளே காப்பித்தூள் டின்னைத் திறந்தாள்.

"அம்மா, இதுல ரைஸ் போடணும்ல? என் கை சின்னது. ரெண்டு தடவை போடவா?"

"நம்பிக்கை இல்லாதவ எதுக்குப் போடுற?"

"உன் டின்மா. உன் கைக்குத்தான் லீவு, டின்னுக்கு இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று வீம்பாக இருந்தேன்.

கவுன்சில் என்கிற இந்த ஊர் முனிசிபாலிட்டியில் சொன்னால், வீட்டுக்கு வந்து குளிப்பாட்டிவிட ஆள் அனுப்புவார்கள் என்று அவள்தான் விசாரித்தாள். அங்கிருந்து ஒரு அம்மாள் போனில் என்னைக் கேள்வி கேட்டாள். குளிக்க முடிகிறதா? "ஐ வில் மேனேஜ்." உடை மாற்ற? "ஸ்லோலி, ஐ வில் மேனேஜ்." சாப்பிட? "டாட்டர் இஸ் ஹியர், நோ ப்ராப்ளம்." ஒவ்வொரு பதிலுக்கும் அவள் "லவ்லி, லவ்லி" என்று சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் என் குளியலறை விஷயத்தை எந்த வாயால் சொல்வது? கடைசியில் எனக்கு உதவி தேவையில்லை என்று முடிவாகிவிட்டது. மறுபடி விண்ணப்பித்தால் வரிசையில் நிற்க வேண்டும், அதற்குள் எலும்பே கூடிவிடும்.

கெசியா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏம்மா மேனேஜ்னு சொன்ன? என்ன மேனேஜ் பண்ற நீ? வியாழக்கிழமை நான் போகணும், எனக்கு எக்ஸாம். இதை விட்டா ஒரு வருஷம் போயிடும். அப்புறம் யார் உனக்குப் பார்ப்பாங்க?"

"கர்த்தர்..."

"அம்மா, ப்ளீஸ். பேர் சொல்லு. எந்த ஆள், எந்தக் கிழமை?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். "அப்ப நான் போகல" என்றாள். அவள் அப்பாவுக்கு அவள் படிப்புத்தான் உயிர். அதை என் உடைந்த கை கெடுக்கப் போகிறது. சொல்லவும் தெரியாமல் சும்மா இருக்கவும் முடியாமல், வாழ்க்கையில் இவ்வளவு கையாலாகாதவளாக நான் இருந்ததே இல்லை.

5

போன ஞாயிற்றுக்கிழமை அவளே என்னை என் காரில் சபைக்குக் கூட்டிப்போனாள். நைட்டிக்கு மேலே கோட்டு, அதற்குமேல் அவளுடைய சால்வை. அரைகுறையாகப் பின்னிய சடை. எல்லாரும் வழிவிட்டு என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். கெசியா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சாட்சி சொல்கிற நேரம் வந்தது. எங்கள் சபையில் ஒவ்வொருவராக எழுந்து, ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சொல்வார்கள். பாஸ்டர் முகமெல்லாம் சிரிப்பாக, "நம்ம எஸ்தர் சிஸ்டர் சாட்சி சொல்லுவாங்க" என்றார். எழுந்தேன். வழக்கமான வார்த்தைகள் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. 'இம்மட்டும் காத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்' என்று தொடங்கினால் மீதி தானாக வந்துவிடும். தொடங்கினேன். பாதியில் நின்றுவிட்டது.

"வியாழக்கிழமை என் மக போயிருவா," என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அவ போகலேன்னா அவ படிப்பு போயிரும். அவ போயிட்டா எனக்குச் சோறு ஊட்ட ஆள் இல்ல. சட்டை மாத்திவிட ஆள் இல்ல. கால்... கால் கழுவிவிட ஆள் இல்ல. நான் உங்க எல்லாருகிட்டயும் வேணாம்னு சொன்னேன். வேணும். எனக்கு எல்லாமே வேணும். யாராவது வாங்க."

பின்வரிசையில் யாருடைய குழந்தையோ பிஸ்கட் கடித்தது கேட்டது. கிரேஸ் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். ஆண்கள் குனிந்துகொண்டார்கள். பாஸ்டருக்கு இது என்ன வகைச் சாட்சி என்று பிடிபடவில்லை. பிரசங்கத்தில் என்னை உதாரணம் காட்டியவர் ஆயிற்றே. தடுமாறி, "நாம... நாம எல்லாரும் ஜெபிப்போம்" என்றார்.

எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நானும் மூடினேன். ஜெபம் நீண்டது. எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கி, மூக்கு ஒழுகி, உதட்டைத் தாண்டித் தாடைக்கு வந்துவிட்டது. இரண்டு மாவுக்கட்டும் மடியில் கல் மாதிரி கிடக்கின்றன. அவ்வளவு கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிய வழியில்லை, அத்தனை பேரும் எனக்காகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் கண்ணைத் திறந்திருந்தவள் ஒருத்திதான். ஒரு பேப்பர் கைக்குட்டை என் கண்ணைத் துடைத்தது, கன்னத்தைத் துடைத்தது, பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டது.

"சீந்தும்மா," என்று காதருகில் மெதுவாகச் சொன்னாள்.

"ஆண்டவரே, எங்கள் சகோதரிக்கு உதவி செய்ய ஒரு கரத்தை அனுப்பும்!" என்று பாஸ்டர் உரக்க மன்றாடினார்.

நான் சீந்தினேன். நன்றாகவே சத்தம் கேட்டிருக்கும். சபை ஆமென் என்றது.

கூட்டம் முடிந்ததும் கிரேஸ் அக்கா வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "இத்தனை நாளா அந்த ஆரஞ்சுப் பழத்தை யாருடி உரிச்சுக் குடுத்தா ஒனக்கு?" என்று கேட்டு அழுதார். "திங்களும் வெள்ளியும் எனக்கு வேலை இல்ல. நான் வாரேன்" என்றார். பழக்கதோஷம், என் வாய் "வேணா..." என்று தொடங்கிவிட்டது. கெசியா முந்திக்கொண்டாள். "வாங்க ஆன்ட்டி. சாவி தர்றேன்." இன்னும் ஒரு சகோதரி சனிக்கிழமை பார்க்கலாம் என்றிருக்கிறார். மற்றவர்கள், "ஜெபத்துல நெனச்சுக்கிறோம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்வேனா? அதுவும் வேண்டும்.

6

இன்று புதன்கிழமை. அவளுடைய பை வாசலில் தயாராக இருக்கிறது. போகவே மாட்டேன் என்றவளை, கிரேஸ் அக்காவின் பெயரையும் கிழமையையும் சொல்லிச் சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். மீதி நாட்களுக்கு யார் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. கர்த்தருக்குத் தெரியும் என்று நம்புகிறேன். அவர் அனுப்புகிற ஆள் எந்தக் கதவு வழியாக வரும், கண்ணை மூடிக்கொண்டு வருமா திறந்துகொண்டு வருமா என்றெல்லாம் இனி நான் நிபந்தனை போடுவதாக இல்லை. ஆனால் பயமாக இருக்கிறது. பயமாக இருக்கிறது என்பதை ஊரில் இருக்கிற உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

இன்று மத்தியானம் கஞ்சியும் துவையலும் வைத்திருந்தாள். டின்னில் தன் சின்னக் கையால் இரண்டு பிடி அரிசி போட்டுவிட்டுத்தான் உலை வைத்தாள். என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கரண்டியில் கஞ்சியை எடுத்து ஊதி, என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். நான் கண்ணை மூடினேன்.

ஆகாரத்துக்காக நன்றி சொன்னேன். கிரேஸ் அக்காவுக்காகச் சொன்னேன், எதிர்வீட்டுக் கிழவருக்காகச் சொன்னேன். சொல்லவேண்டியது அவ்வளவுதான், முடிந்துவிட்டது. நாளைக்கு இந்த நேரம் எதிரே இந்த நாற்காலி காலியாக இருக்கும். என்ன செய்வதென்று தெரியாமல், அவளுடைய ரயிலுக்காகவும், ரயில் ஓட்டுகிறவருக்காகவும் ஜெபிக்கத் தொடங்கினேன்.

"முடிச்சியாம்மா? ஆறுது," என்றாள்.

ரயிலில் டிக்கெட் பார்க்கிறவரையும் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டேன். கண்ணைத் திறக்காமலேயே எனக்குத் தெரிந்தது, கரண்டி அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது.